அடிபட்ட பிறகு எந்த வழி: கைக்காசா, கம்பெனி ஆஃபரா, லோக் அதாலத்தா, வழக்கா?

சென்னையில் பைக்கில் போய் அடிபட்டு, காலில் கட்டுடன் படுத்திருப்பவருக்கு வரும் போன்களில் ஒன்று இப்படி ஆரம்பிக்கும்: "சார், இன்சூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். சும்மா ஃபார்மாலிட்டிதான், ரெண்டே ரெண்டு கேள்வி." அந்த ரெண்டு கேள்விக்கு வாயைத் திறப்பதற்கு முன்னால், பேசுவது எந்த இன்சூரன்ஸ் என்று கேளுங்கள். உங்களுடையதா, உங்களை இடித்த வண்டியுடையதா? நம்மில் நிறையப் பேர் இதைக் கேட்காமலே நடந்ததையெல்லாம் மடமடவென்று ஒப்பித்துவிடுகிறோம்.

உங்கள் சொந்த பாலிசி என்றால், அதற்கு நீங்கள் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள், ஒப்பந்தம் இருக்கிறது, கேட்ட பேப்பரைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இடித்த வண்டியின் கம்பெனிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தமும் இல்லை. அவர்கள் அனுப்புகிற ஆளை சர்வேயர் என்று எல்லோரும் சொன்னாலும், சர்வேயரின் வேலை நசுங்கிய வண்டியைப் பார்ப்பது. உங்கள் உடம்பு சம்பந்தமாக வருபவர் இன்வெஸ்டிகேட்டர். ஹெல்மெட் போட்டிருந்தீர்களா, லைசென்ஸ் உண்டா, எவ்வளவு வேகம், பின்னால் எத்தனை பேர், முந்தின இரவு பார்ட்டி ஏதாவது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார். "கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன்" என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொன்ன ஒரு வரி, பின்னாளில் உங்கள் பக்கமும் கவனக்குறைவு இருந்தது என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிக்க உதவும். அவரோடு சண்டை வேண்டாம், பொய்யும் வேண்டாம். "எழுத்துல அனுப்புங்க, வக்கீல் மூலமா பதில் தரேன்" என்றால் போதும், அவருக்கும் அது பழக்கமான பதில்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. வண்டிக்காரர் கையில் தருவதை வாங்கிக்கொண்டு முடிப்பது, கம்பெனி தருவதாகச் சொல்லும் தொகையை ஏற்பது, லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பது, எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) போட்டுத் தீர்ப்பு வரை போவது. எது நல்லது என்று கேட்டால் என் பதில், எதில் வேண்டுமானாலும் முடியுங்கள், ஆனால் எலும்பு கூடி, பிளேட் வைத்த டாக்டர் "இதுக்கு மேல முன்னேற்றம் இருக்காது" என்று சொல்லும் வரைக்கும் தொகை எழுதிய எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கைப் போட்டுவிட்டு எப்போது வேண்டுமானாலும் சமாதானம் பேசலாம். முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து முட்டி மடங்கவில்லை என்று திரும்பிப் போக முடியாது.

முதலில் கைக்காசு. ஓ.எம்.ஆரில் இடித்துவிட்டுக் காரிலிருந்து இறங்கி வருகிறவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். ஆட்டோ பிடித்துப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போவார், எக்ஸ்ரேக்குப் பணம் கட்டுவார், பத்தாயிரம் கொடுத்து "கேஸ் எல்லாம் வேணாம்ணே, பேசி முடிச்சுக்கலாம்" என்பார். சிராய்ப்பு, வண்டியில் இண்டிகேட்டர் உடைசல், அவ்வளவுதான் என்றால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், இதற்காகப் பாரிமுனை கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். ஆனால் தலையில் அடி, மணிக்கட்டில் வீக்கம், காலை ஊன்ற முடியவில்லை என்றால் அந்தப் பத்தாயிரம் மிகவும் விலை உயர்ந்த பத்தாயிரம். முதல் நாள் எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல் தெரியாமல் போவது சகஜம். அதற்குள் அவர் நம்பருக்கு அடித்தாலும் எடுக்க மாட்டார், எஃப்.ஐ.ஆரும் இருக்காது. எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் தாமதத்துக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு வழிகளுக்கும் அஸ்திவாரம் அதுதான். ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையோ ஸ்டான்லியோ கீழ்ப்பாக்கமோ தனியார் ஆஸ்பத்திரியோ, அவசரப் பிரிவில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுதுவார்கள். யார் கூட்டி வந்தார்களோ அவர்கள் சொல்வதைத்தான் டியூட்டி டாக்டர் எழுதுவார். கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்லேர்ந்து விழுந்துட்டாரு" என்று சொன்னால், அங்கே "தானாகக் கீழே விழுந்து" என்று பதிவாகிவிடும். எதிர்க்கம்பெனி வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும், வேறு வண்டியே சம்பந்தப்படவில்லை என்று வருடக்கணக்கில் வாதாடுவார். ஆகவே கூட இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த வண்டி, எந்த இடம், என்ன நேரம், எந்தப் பக்கத்திலிருந்து இடித்தது என்று தெளிவாகச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்ப்பது. மயக்கத்தில் இருப்பவரால் இது முடியாது. மச்சானோ பக்கத்து வீட்டு அண்ணனோ யாராவது ஒருவர் செய்ய வேண்டும்.

சிகிச்சைப் பணத்துக்காகவும் யாரும் அவசரப்பட்டுக் கைக்காசு வாங்க வேண்டிய நிலை இப்போது அவ்வளவாக இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது, நீங்கள் எந்த ஊர்க்காரர் என்றும் பார்ப்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்று தனியாக ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன் பிறகு சொந்த மெடிக்ளைம் இருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதில் வாங்கிய தொகையை விபத்து இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025-ல் சொன்னது. இங்கே எதிர்க்கம்பெனி ஆட்சேபிக்கத்தான் செய்யும், வாதாடலாம். மெடிக்ளைமுக்கு ஒரிஜினல் பில் போய்விடும் என்பதால், எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு செட் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, கம்பெனியின் ஆஃபர். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் இதற்கு முறையான ஏற்பாடு உண்டு. போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை தர வேண்டும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். சென்னையில் இதைச் செய்வது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. கம்பெனி இதற்கென்று ஒரு அதிகாரியை நியமித்து, அவர் 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் (விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றம்) முன் ஒரு தொகையைச் சொல்லலாம். நீங்கள் ஒப்புக்கொண்டால் தீர்ப்பாயம் பதிவு செய்யும், கம்பெனி 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். வேண்டாம் என்றால் ஒன்றும் குடிமுழுகாது, வழக்கு அதன் போக்கில் விசாரணைக்குப் போகும். இதைத்தான் போனில் பேசுபவர் சொல்ல மாட்டார். இப்போது விட்டால் போச்சு என்பது போலவே பேசுவார். தீர்ப்பாயத்துக்கு வெளியே, ஏதோ ஒரு காபி ஷாப்பில் வைத்து நீட்டப்படும் டிஸ்சார்ஜ் வவுச்சருக்கும் (முழுத் தீர்வாகப் பணம் வாங்கிக்கொண்டேன் என்ற ரசீது) இந்த ஏற்பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

இதிலேயே ஒரு குறுக்குவழி உண்டு, அதே சட்டத்தின் 164-வது பிரிவு. யார் மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், நிலையான தொகை. எலும்பு முறிவே சட்டப்படி கொடுங்காயம்தான், பல் உடைந்தால்கூட. சுண்டுவிரல் உடைந்தவருக்கு இது பெரிய தொகை. தொடை எலும்பு மூன்று துண்டாகி ஆபரேஷனுக்கு மட்டும் மூன்று லட்சம் கட்டியவருக்கு பில்லுக்கே காணாது. முக்கியமான விஷயம், இந்தப் பிரிவில் பணம் வாங்கிக்கொண்டால் 166-வது பிரிவில் நீங்கள் போட்டிருக்கும் வழக்கு, அதாவது எம்.சி.ஓ.பி., தானாகவே முடிந்துபோகும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இதை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்ற கணக்கு செல்லாது.

அப்படியானால் இரண்டரை லட்சம் கூடுதலா குறைவா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பெரம்பூரில் ஒரு 28 வயது டெலிவரி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம், மாதம் 18,000 சம்பாதிக்கிறார், முட்டி சரியாக மடங்காததால் அவருடைய சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனதாகத் தீர்ப்பாயம் ஏற்கிறது. 40 வயதுக்குக் கீழே, நிரந்தர வேலை இல்லாதவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த தீர்ப்பு. ஆக மாதம் 25,200, வருடத்துக்கு 3,02,400. அவர் வயதுக்கு 2009-ன் சரளா வர்மா தீர்ப்புப்படி வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 17. பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 10,28,160 ரூபாய். இது சம்பாதிக்கும் திறன் இழப்புக்கு மட்டும். மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வலி வேதனை, இனி பிளேட் எடுக்க ஆகும் செலவு எல்லாம் இதற்கு மேல்.

இப்போது அதே வயது, அதே முட்டி, ஆனால் அண்ணா சாலையில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதுபவர். சம்பளமும் குறையவில்லை, வேலையும் போகவில்லை. அவருக்கு இந்தப் பெருக்கல் பொருந்துவது கஷ்டம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வழக்குகளில் ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சில ஆயிரம் என்று கணக்கிடும் வழக்கம் இருக்கிறது. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 20 சதவீதத்துக்கு ஒரு லட்சம்தான். ஆஸ்பத்திரி செலவு மெடிக்ளைமில் போயிருந்தால் இவருக்கு இரண்டரை லட்சம் ஒன்றும் மோசமில்லை, எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். 2010-ல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையேதான்: இடது கை போனால், டிரைவருக்கும் தச்சருக்கும் அது கிட்டத்தட்ட முழுப் பிழைப்பும் போனது போல, அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். ஆகவே டாக்டர் சர்ட்டிஃபிகேட்டில் போட்ட சதவீதம் ஒன்று, தீர்ப்பாயம் ஏற்கும் வருமான இழப்புச் சதவீதம் வேறு. பக்கத்து தெருக்காரருக்கு எட்டு லட்சம் வந்ததாம் என்று ஒப்பிடுவது இதனால்தான் பிரயோஜனமில்லை.

கம்பெனிக்காரர் முதல் இரண்டு மாதத்திலேயே பேச வருவதற்குக் காரணமும் இந்தக் கணக்கில் இருக்கிறது. அப்போது ஊனச் சதவீதம் என்று ஒன்று எழுதப்பட்டே இருக்காது. மருத்துவ வாரியம் பார்க்காத முட்டிக்கு நீங்களும் சதவீதம் சொல்ல முடியாது, அவர் சொல்லும் தொகை மட்டும்தான் மேஜையில் இருக்கும். வீட்டு வாடகை நிற்கிறது, ஈ.எம்.ஐ. நிற்கிறது, அந்த நேரத்தில் ஒரு லட்சம் மலைபோலத் தெரியும்.

மூன்றாவது, லோக் அதாலத். தனிப்பட்ட முறையில் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது இதைத்தான், ஒரு நிபந்தனையோடு. எம்.சி.ஓ.பி. போட்டு, ஊனச் சான்று வாங்கிய பிறகு போங்கள். வழக்கே போடாமலும் போகலாம், ஆனால் கையில் சான்று இல்லாமல் அந்த மேஜையில் உட்கார்ந்தால் மேலே சொன்ன அதே நிலைதான். அங்கே கம்பெனி அதிகாரி தன் மேலிடம் ஒப்புதல் தந்த ஒரு உச்ச வரம்போடு வந்திருப்பார், முதலில் சொல்லும் தொகை நிச்சயம் அதற்குக் கீழே இருக்கும். உங்கள் கணக்கை நீங்கள் எழுதிக் கொண்டுபோயிருந்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கும், இல்லாவிட்டால் அவர் தாளில் இருந்து தொடங்கும். பெரும்பாலும் வட்டியையும் சேர்த்து ஒரே தொகையாகத்தான் பேசுவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்றே உத்தரவு, அதன் மேல் அப்பீல் கிடையாது, உங்களுக்கும் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. கம்பெனி உயர் நீதிமன்றம் போய் இழுத்தடிக்க முடியாது என்பது பெரிய லாபம். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், வழக்கு அப்படியே இருக்கும்.

நான்காவது, முழு விசாரணை. சென்னையில் இந்த வழக்குகளைப் பார்ப்பது உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் சென்னையில் குடியிருந்தால் இங்கேயே போடலாம், திண்டிவனத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். "ஆஃபர் வந்துட்டே இருக்கு சார், அடுத்த மாசம் பாக்கலாம்" என்று கம்பெனி ஆள் இழுப்பது இந்த ஆறு மாதத்தைத் தாண்டவும்தான் என்பது என் சந்தேகம்.

வழக்கு வருடக்கணக்கில் ஓடும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. சாட்சி வாய்தா, மருத்துவ வாரியத்துக்கு அனுப்புதல், மறுபடி வாய்தா. ஆனால் தாமதத்துக்கு வட்டி உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மனு போட்ட நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 சதவீதம், அதாவது 10 லட்சத்துக்கு மூன்று வருடத்தில் இரண்டேகால் லட்சம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் இரு தரப்புக்கும் 90 நாளுக்குள் அப்பீல் உண்டு. உழைப்பே மூலதனமாக இருப்பவர்கள், அதாவது டிரைவர், கொத்தனார், டெலிவரி ஊழியர், சமையல்காரர், தையல்காரர் போன்றவர்களுக்கு நிரந்தரப் பாதிப்பு இருந்தால், லோக் அதாலத்தில் நியாயமான தொகை வராதபோது இந்த வழியில் போவது வீண்போகாது. வருமானத்துக்கு ஆதாரம் மட்டும் சேர்த்துவையுங்கள். ஆப்பில் வரும் வாராந்திர வருமான ஸ்டேட்மென்ட், ஜி பே பதிவுகள், வங்கிக் கணக்கு, எதுவானாலும் சரி.

வக்கீல் விஷயம் ஒன்று. வார்டுக்கே வந்து "ஒரு பைசா வேணாம், வர்றதுல இவ்ளோ பர்சென்ட்" என்று பேசுகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். தொகையில் பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. ஊரெல்லாம் நடக்கிறது என்பது வேறு கதை. வெற்றுத் தாளிலும் வெற்று செக்கிலும் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள், இழப்பீடு வந்து சேரும் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், பாஸ்புக் உங்கள் வீட்டில் இருக்கட்டும். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்கு அழைத்துக் கேட்கலாம்.

இந்த நான்கிலும் அடங்காத சில நிலைகள் உண்டு. நண்பன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய், அவன் ஓட்டியதில் தப்பு என்றால், அந்த வண்டிக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் அந்தக் கம்பெனி உங்களுக்குத் தராது, பேக்கேஜ் பாலிசி (முழுக் காப்பீடு) இருந்தால்தான் தரும். யாரும் இடிக்காமல் நீங்களே பள்ளத்தில் விட்டு விழுந்தால், இழப்பீட்டு வழக்கு இல்லை, உங்கள் பாலிசியில் ஓனர் டிரைவருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது உயிரிழப்புக்கும் பெரிய ஊனத்துக்கும்தான், சாதாரண எலும்பு முறிவுக்கு அல்ல. அந்தச் சொந்தக் கம்பெனி இழுத்தடித்தால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், அவர் அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. ஆனால் எதிர் வண்டியின் கம்பெனி மேல் அங்கே போய்ப் பயனில்லை, அதற்குத் தீர்ப்பாயம்தான். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம், அரசுத் திட்டத்தில்.

இடித்தது மாநகரப் பேருந்து என்றால் கதையே வேறு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பெரும்பாலும் வெளியே இன்சூரன்ஸ் எடுப்பதில்லை, தாங்களே கட்ட வேண்டும், ஆகவே ஆஃபரோடு போன் செய்யும் கம்பெனி ஆளே கிடையாது. எம்.சி.ஓ.பி.யோ லோக் அதாலத்தோ, இரண்டில் ஒன்றுதான். தீர்ப்பு வந்தும் பணம் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அரசுப் பேருந்தை நீதிமன்ற ஊழியர்கள் ஜப்தி செய்தார்கள் என்று பேப்பரில் அவ்வப்போது வருகிற செய்தியெல்லாம் அப்படிப் போட்ட மனுக்கள்தான். பஸ்ஸைப் பிடித்தால் பணம் வந்துவிடுகிறது.